ஈர வார்னிஷும் கால் பதிக்காத திருடனும்

அத்தியாயம் 5

"எங்க மாமனார் வீட்டுத் தரைய நீங்க வந்து பாக்கணும் மேடம். வேற எதுவும் வேண்டாம். தரைய மட்டும் பாத்தா போதும்."

இப்படி ஒரு வழக்கு எங்கள் அலுவலகத்துக்கு இதுவரை வந்ததில்லை. காணாமல் போன கணவன் வந்திருக்கிறது, காணாமல் போன ஸ்கூட்டர் வந்திருக்கிறது, வீட்டிலேயே இருந்துகொண்டு காணாமல் போன கணவன்கூட வந்திருக்கிறது. தரை வந்ததில்லை.

"ஏன்க்கா, தரை எங்கயாச்சும் ஓடிப் போயிடுச்சா?" என்றேன்.

"ஒட்டடை, நீ போய் மூணு டீ சொல்லு," என்றார் மேடம்.

ஒட்டடைக்குச்சி என்பது என் உயரத்தையும் அகலத்தையும் பார்த்து மேடம் கொடுத்த பட்டம். அவசரத்தில் பாதிதான் வாயில் வரும். மேடம் பல வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். ஒரு கடை தானாகத் தீப்பிடித்ததா, முதலாளி தயவில் பிடித்ததா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் உதவியாளன். பைக் ஓட்டுவது, தேவைப்பட்ட இடத்தில் பொய் சொல்வது, டீ சொல்வது என் பொறுப்பு.

வந்திருந்த பெண் பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மேடத்தின் சர்க்கரை அளவு மேடத்துக்கு முன்னால் இவளுக்குத்தான் தெரியும். ஊசி குத்தினால் வலிக்காது என்று பெயர் எடுத்தவள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தால் யாரோ அவளைத்தான் நன்றாக வலிக்கக் குத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற டிரைவிங் மாஸ்டர். வீட்டின் பின்னறையில் பைன் பலகைத் தரை. தேய்ந்து வெளிறிப் போய்விட்டது. ஆள் வைத்துச் செய்யலாம் என்று வீட்டில் சொன்னார்கள். "ஆள் எதுக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று மாஸ்டர் தானே இறங்கிவிட்டார். சாமான் எல்லாம் வெளியே போனது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் மரச்சாயம் ஏற்றினார். மறுநாள் அதன்மேல் வார்னிஷ்.

"மூலையில ஒரு சுவர் அலமாரி இருக்கு மேடம். அத மட்டும் கழட்ட முடியல. அத்தை அவங்க வைரத்தோட்ட ஒரு சின்னப் பெட்டியில போட்டு அந்த அலமாரியிலயே விட்டுட்டாங்க. வேணும்னேதான் விட்டாங்க."

"வேணும்னேவா?"

"சாமான் எல்லாம் வெளிய கெடக்கு, வீடே திறந்து கெடக்கு. அந்த ரூம்தான் பத்திரம்னு நெனச்சாங்க. ஈர வார்னிஷ் மேல எவன் நடப்பான்னு சொன்னாங்க."

லாக்கருக்குப் பதில் வார்னிஷ். யோசித்துப் பார்த்தால் தப்பில்லை.

"வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடி தூசி துடைச்சது நான். ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன். அதுக்கப்புறம் மாமா போய் அடிச்சாரு, கதவுப் பக்கமா வந்து முடிச்சேன்னு சொல்றாரு, கதவச் சாத்துனாரு. காஞ்சதும் அத்தைதான் மொதல்ல உள்ள போனாங்க. பெட்டி இல்ல. தரையில ஒரு காலடி இல்ல, ஒரு கீறல் இல்ல."

"அப்ப வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கணும்," என்றார் மேடம். "முன்னாடி இருந்தது நீ."

"ஆமா." அவள் டீயைத் தொடவில்லை. "அத்தை என்னை ஒரு வார்த்தை கேக்கல. பேசுறதையே நிறுத்திட்டாங்க. மாமா என் முகத்தையே பாக்க மாட்டேங்கறாரு. இவரு இருக்காரே..." கொஞ்சம் நிறுத்தினாள். "எடுத்திருந்தா சொல்லிடு, அம்மாகிட்ட நான் பேசிச் சமாளிக்கிறேன்னு சொன்னாரு. இன்னிக்கு சாயங்காலம் எங்கப்பாவ வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

அதற்குமேல் எனக்கு ஜோக் வரவில்லை. எழுந்து பைக் சாவியை எடுத்தேன்.

*

கதவைத் திறந்தது அவள் கணவன். டைல்ஸ் ஷோரூமில் விற்பனை மேலாளர். எங்களைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வாக்கியம் இது: "டைல்ஸ் போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது."

"திருட்டு போயிருக்காதா?" என்று கேட்டேன்.

"கறை படியாது. கழுவினாப் போதும்."

மனைவிமேல் படிந்த கறையைப் பற்றி அவன் பேசவில்லை, தரையைப் பற்றித்தான் பேசினான். என்னைவிட ஒரு அடி குள்ளம். தலையில் குட்டினால் எட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

மாஸ்டர் கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். எனக்கே பழைய ஞாபகத்தில் சீட் பெல்ட்டைத் தேடிக் கை போனது. அவர் மனைவி சுவர் ஓரமாக நின்றிருந்தார். காதில் ஒன்றும் இல்லை. மருமகள் உள்ளே வந்தபோது இருவரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள்.

"துப்பறியுறவங்களா? நல்லது," என்றார் மாஸ்டர். "பாருங்க. பாத்துட்டுக் கிளம்புங்க. குடும்ப விஷயம், ரொம்பக் கிளற வேண்டாம்."

"கிளற மாட்டேன் மாஸ்டர். உங்க தரை நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதப் பாக்கத்தான் வந்தேன்," என்றார் மேடம்.

மாஸ்டர் எழுந்து நடந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு மூட்டுவலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அறைக் கதவைத் திறந்தார். தரை பளபளவென்று இருந்தது. பளபளப்புக்கு அடியில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று படுத்திருந்தது. ஒரு பலகையில் இருட்டாக ஒரு திட்டு, பக்கத்திலேயே வெளிறி ஒரு திட்டு, நடுவில் மேகம் மாதிரி ஒன்று. பைன் போன்ற மென்மையான மரம் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது. பந்தியில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஓரிடத்தில் மூக்கு முட்ட, ஓரிடத்தில் பட்டும் படாமல்.

"சாயத்துக்கு முன்னாடி ஒரு பூச்சு அடிக்கணும்னு கடைக்காரர் சொன்னாரு," என்று மனைவி மெல்லச் சொன்னார். "அதெல்லாம் வியாபாரத் தந்திரம்னு இவரு வாங்கல."

"இயற்கையான மரம்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் மாஸ்டர். "பாக்கப் பாக்கப் புடிக்கும்."

"எத்தன நாள் பாக்கணும்?" என்று கேட்டேன். மேடம் என் காலை மிதித்தார்.

அறை காலி. சாமான் இன்னும் உள்ளே வரவில்லை. எதிர்க் கோடியில் கம்பி இல்லாத அகலமான ஜன்னல். அதை ஒட்டிய மூலையில் அந்தச் சுவர் அலமாரி. அலமாரிக்குக் கீழே, அந்த மூலையில், ஒரே ஒரு பூந்தொட்டி. தொட்டிக்கு அடியில் பெரிய தட்டு ஒன்று.

"ஜன்னல் அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"உள்ளுக்குள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தது," என்றார் மாஸ்டர். "என் மனைவி உள்ள வந்தப்ப அவங்களே பாத்தாங்க."

"ஆமா, தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்துச்சு," என்றார் மனைவி.

மேடம் கதவருகே குனிந்து தரையை ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் அதேபோல் பார்த்தார். "ஒட்டடை, ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிட்டு வா."

வாங்கிவந்தேன். மேடம் குடிக்கவில்லை. விரலை நனைத்து, கதவு முதல் ஜன்னல் வரை சொட்டுச் சொட்டாகத் தரையில் வைத்துக்கொண்டே போனார். மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. சொட்டுகள் ஒவ்வொன்றும் முத்து மாதிரி உருண்டு நின்றன. ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

"பாத்தீங்களா?" மாஸ்டர் நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு இடம் விடாம அடிச்சிருக்கேன்."

"சுத்தமான வேலை," என்றார் மேடம். "கதவுகிட்ட வார்னிஷ் தாராளமா இருக்கு, பிரஷ் இழுத்ததே தெரியல. இங்க வர வர மெலிசாகுது, கோடு கோடா அவசரம் தெரியுது. சாதாரணமா ஆரம்பிக்கிற இடத்துலதான் நிதானம் இருக்கும், முடிக்கிற இடத்துலதான் அவசரம். நீங்க எங்க ஆரம்பிச்சீங்க மாஸ்டர்?"

"ஜன்னல்ல," என்றார் மாஸ்டர், கேள்வி முடிவதற்குள். "ஜன்னல்ல ஆரம்பிச்சு, கதவுல முடிச்சேன். அப்படித்தான யாரும் செய்வாங்க?"

"அப்படித்தான் செய்யணும்," என்று மேடம் ஒத்துக்கொண்டார். "ஒட்டடை, அந்தத் தொட்டியத் தூக்கு."

"அத எதுக்கு? செடி வாடிடும்," என்று மாஸ்டர் குறுக்கே வந்தார்.

அது ரப்பர் செடி. நான் தட்டோடு தூக்கினேன்.

அடியில் இரண்டு பாதங்கள் இருந்தன. ஈரத்தில் பதிந்த தடம் இல்லை, அதற்கு நேர்மாறு. சுற்றிலும் வார்னிஷ் பளபளத்தது. நடுவில் பாத வடிவத்தில் இரண்டு இடம் மட்டும் மங்கலாக, வெறும் சாயத்தோடு கிடந்தது. யாரோ அங்கே நின்றுகொண்டே தன் காலைச் சுற்றி, விரல் விரலாக, ஒரு இடம் விடாமல் அடித்திருக்கிறார்கள். மேடம் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். மரம் அதை அப்படியே குடித்தது.

அந்தப் பாதம் ஒவ்வொன்றும் ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவு. மருமகளின் கால் இரண்டையும் சேர்த்து அதில் ஒன்றுக்குள் வைக்கலாம். எல்லோரும் மாஸ்டரின் காலைப் பார்த்தோம். மாஸ்டர் ஒரு காலை எடுத்து இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி பாக்கலயா மாஸ்டர்?" என்றேன். இந்த முறை மேடம் மிதிக்கவில்லை.

*

"கதவுலதான் ஆரம்பிச்சேன்," என்றார் மாஸ்டர். குரல் பாதியாகிவிட்டது. "சாயம் அடிச்ச அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. இவ கதவுகிட்ட நின்னு பாத்துட்டு, நம்ம வீட்டுத் தரைக்குத் தேமல் வந்துடுச்சுன்னா. மறுநாள் இவ பாக்கும்போதே பளபளப்பு வரணும்னு இவ நிக்கிற இடத்துல ஆரம்பிச்சுட்டேன். பேசிக்கிட்டே பின்னாடி போயிட்டேன். உள்ள எல்லாம் முடிச்சுட்டேன்னு நெனச்சு, இவ நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனா. திரும்பிப் பாத்தா ஜன்னல் மூலைக்கு வந்துட்டேன். சுத்தி ஈரம்."

"எனக்குக் காட்டணும்னா கதவுல ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார் மனைவி. கோபமா வேறு எதுவுமா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது.

"ஜன்னல் வழியா இறங்கினேன். மறுநாள் காலையில காஞ்சதும் ஒருத்தருக்கும் தெரியாம உள்ள வந்து தாழ்ப்பாளப் போட்டேன். கால் வெச்ச எடத்துக்கு அடிக்க டப்பாவுல வார்னிஷ் இல்ல. அதான் தொட்டி."

மகன் குதித்தான். "அப்ப ஜன்னல் ராத்திரி பூரா திறந்தா கெடந்துச்சு? மொதல்ல உள்ள போனது அம்மா இல்ல, நீங்க! அப்பா, இத ஏன் இத்தன நாளா..."

"சொன்னா என்ன ஆகும்? வாழ்நாள் முழுக்க அடுத்தவனுக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடுத்தவன் மூலையில மாட்டிக்கிட்டான்னு ஊரே சிரிக்கும். உங்கம்மா சாகற வரைக்கும் சிரிப்பா."

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் பெரிய மனுஷனைப் பிடித்து அந்த மூலையிலேயே மறுபடி நிறுத்தி, சுற்றி இன்னொரு கோட்டிங் அடிக்கலாம் போல இருந்தது. ஒரு பெண்ணைத் திருடி என்று ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். இவருக்குச் சிரிப்பு கவலை.

"ஐயோ, அப்ப எவனோ ஜன்னல் வழியா வந்து எடுத்துட்டானா?" மனைவி காதைத் தொட்டுக்கொண்டார். "இனிமே எங்க போய்த் தேடுறது?"

"யாரும் வரல," என்றார் மேடம். "அலமாரியப் பாருங்க."

நடுத்தட்டில் மெழுகுவர்த்தி, ஊக்கு டப்பா, பழைய கத்தரிக்கோல், பித்தளைப் பூட்டு எல்லாம் ஜன்னல் பக்க ஓரத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு குவிந்திருந்தன. தட்டின் மற்ற பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

"திருடன் வேண்டியத எடுப்பான். மிச்சத்த ஓரமா ஒதுக்கி வெச்சுட்டுப் போக அவன் என்ன விருந்தாளியா?" மேடம் அந்தத் தட்டின் விளிம்பை ஒரு விரலால் அழுத்தினார். பலகை ஆணி இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடிப்பக்கத்தில் வார்னிஷில் பதிந்த ஐந்து விரல் இருந்தது. "ஜன்னல் மேல ஏறுறதுக்கு இதத்தான் புடிச்சீங்க. பலகை ஜன்னல் பக்கமா சாஞ்சது. எல்லாம் சறுக்கி வந்துச்சு. ஓரத்துல இருந்தது விழுந்துச்சு. ஓரத்துல என்ன இருந்தது?"

"தோட்டுப் பெட்டி," என்றார் மனைவி.

"மாஸ்டர், அப்ப ஜன்னல் திண்டுல என்ன வெச்சிருந்தீங்க?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "சாயம் தொடச்ச துணி போட்ட டின். தண்ணி ஊத்தி வெச்சிருந்தேன். எண்ணெய் சாயத் துணியச் சுருட்டிப் போட்டா தானாவே தீப்புடிக்கும்னு டப்பாவுல எழுதியிருந்துச்சு." கண்ணைத் திறந்தார். "தொபுக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பிரஷ் விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டு ஆளு வர்ற மாதிரி இருந்ததால மூடியப் போட்டு அப்படியே வெளிய எறக்கி வெச்சுட்டேன்."

"அந்த டின் இப்ப எங்க?"

"பின்பக்கச் சுவர் ஓரமா," என்றான் மகன். "வெடிச்சிடும், யாரும் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். மருமகளின் கைப்பை, தலையணை உறை, அரிசி டப்பா எதையும் விடவில்லை. அந்த டின்னை மட்டும் ஒருவரும் தொடவில்லை, மாமனார் சொல் தட்டாத குடும்பம்.

நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். வெடிக்கவில்லை. மேடம் ஒரு பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டார். பழுப்புத் துணிகளுக்கு அடியில், அமுங்கி ஒட்டிக்கொண்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டி ஒன்று வந்தது. அந்த வீட்டில் திட்டுத்திட்டாக இல்லாமல், ஒரே சீராகச் சாயம் ஏறியிருந்த ஒரே மரச்சாமான் அதுதான்.

திறந்தார். தோடு இரண்டும் இருந்தன.

*

மேடம் பெட்டியை மாஸ்டர் மனைவியிடம் நீட்டினார். பிறகு மாஸ்டர் மருமகளின் முன்னால் வந்து நின்றார். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. ஜன்னல் தெறந்திருந்ததுன்னு சொல்லியிருந்தா உன் மேல இந்தப் பேச்சே வந்திருக்காது. அது எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. வாய் வரல. உனக்குத் தெரிஞ்சிருந்தா நீயாவது சொல்லியிருப்ப..."

"தெரியும் மாமா," என்றாள் அவள்.

மேடத்தைத் தவிர எல்லோரும் திரும்பினோம்.

"நான் பின்னாடி துணி காயப்போட்டுட்டு இருந்தேன். உங்க ஒரு கால் வெளிய இருந்துச்சு, ஒரு கால் உள்ள இருந்துச்சு. சட்டை கொக்கியில மாட்டிக்கிச்சு. கீழ விழுந்துடுவீங்களோன்னு ஓடி வரப் பாத்தேன். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு போர்வைக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்."

மாஸ்டர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மறுநாளும் இருந்தேன். நான் சொன்னா, தன்னைக் காப்பாத்திக்க மாமனாரக் கோத்து விடுறாள்னு ஆயிருக்கும். ஜன்னல்ல தொங்கினாருன்னா யாரு நம்பியிருப்பீங்க? தரை சொன்னா நம்பித்தான ஆகணும்."

அதனால்தான் தரையை மட்டும் பார்க்கச் சொல்லி வந்திருக்கிறாள். மேடம் டம்ளரில் மீதி இருந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தார். அவருக்கு இது அலுவலகத்திலேயே தெரிந்திருக்கும். என்னைத்தான் டீ சொல்ல அனுப்பிவிட்டார்.

மாமியார் வந்து அவள் கையைப் பிடித்தார். "உன்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காமயே முடிவு பண்ணிட்டேன். என் புத்தியச் சொல்லணும்." அவர் அழுதார். மருமகள் அழவில்லை. அத்தையின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். தோடு இரண்டையும் அவளே வாங்கி அத்தை காதில் மாட்டிவிட்டாள். ஊசி குத்துகிற கை என்பதால் அத்தைக்கு வலித்திருக்காது.

"அப்பாடா, எல்லாம் சரியாப் போச்சு!" என்றான் மகன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னான். "நான் அப்பவே நெனச்சேன், இதுல ஏதோ தப்பு நடந்திருக்குன்னு. சரி, ஒரு காப்பி போடு, மேடமும் குடிக்கட்டும்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் பெயர் கேட்டு எழுதுகிற அதே குரல்.

"மாமாவுக்கு வெக்கம், அதனால வாயத் தொறக்கல. அத்தைக்குப் பொருள் போன துக்கம், அதனால பேசல. ரெண்டையும் என்னால புரிஞ்சுக்க முடியுது. உங்களுக்கு என்னங்க? உங்களுது ஒண்ணும் காணாமப் போகலயே?"

அவன் வாயைத் திறந்தான். டைல்ஸ் பற்றி எதுவும் வரவில்லை.

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை எடுத்தாள்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?... ஆமா, கிடைச்சிடுச்சு. இங்கேயேதான் இருந்துச்சு... இல்லப்பா, இப்ப யாரும் எதுவும் சொல்லல, எல்லாம் தெளிவாயிடுச்சு." ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டாள். கணவன் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி வரத் தொடங்கியது.

"திரும்பிப் போயிடாதீங்கப்பா, வாங்க. அவங்க அனுப்பல. நானாத்தான் கிளம்பறேன்."

போனை வைத்துவிட்டு, மேடத்திடம் அடுத்த மாதம் வெறும் வயிற்றில் வரச் சொல்லி ஞாபகப்படுத்திவிட்டு, துணி எடுத்து வைக்க உள்ளே போனாள்.